வாடகை வீட்டை விற்ற கணக்கு

வாடகைக்கு விட்டிருக்கும் வீடு ஒன்றை விற்கப் போவதாக ஒருவன் வாய்திறந்து சொல்லிவிட்டானானால், சதுர அடி என்ன விலை போகும் என்ற விசாரணைக்கு அடுத்தபடியாக அவன் செவியில் விழுவது, "பத்திரத்திலே எவ்வளவு காட்டப் போறீங்க?" என்ற கேள்விதான். கேட்பவர் தரகராக இருக்கலாம், எதிர்வீட்டுப் பெரியவராக இருக்கலாம், சார்பதிவாளர் அலுவலக வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தராகவும் இருக்கலாம், எவராயினும், "கைடுலைன் வேல்யூவுக்குப் போட்டுட்டு மீதியைக் கையிலே வாங்கிக்குங்க சார், எதுக்கு வீணா டாக்ஸ்?" என்று பரம உபகாரம் செய்கிற பாவனையில் ஒரு யோசனையும் சொல்லிவைப்பார். அந்த வரி எவ்வளவு, எதன்மேல் விதிக்கப்படுகிறது, எந்த நியாயத்தைக் கொண்டு விதிக்கப்படுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இந்த யோசனையைச் சொன்னவர் ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

எங்கள் தந்தையார் 1974இல் திருச்சி உறையூரில் வாங்கி, அன்று தொட்டு வாடகைக்கே விட்டுவந்த சிறிய வீடு ஒன்றை, அவர் காலத்துக்குப் பின் அதற்குப் பாத்தியப்பட்ட நாங்கள் மூவரும், அதாவது என் அக்காவும் நானும் நியூஜெர்சியில் குடியேறிவிட்ட தம்பியும், சென்ற நிதியாண்டில் விற்றோம். அந்த வியவகாரத்தின்போது தெரிந்துகொண்ட விஷயங்களை எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டின் உண்மையான தொகைகளைச் சபையில் வைப்பதில் அக்காவுக்குச் சம்மதமில்லை. ஆகையால் கீழே வரும் எண்கள் யாவும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. நான் ஆடிட்டர் அல்லன் என்பதையும், ஒவ்வொருவர் நிலைமையும் வேறு வேறு என்பதையும் சொல்லிவிட்டால் என் பொறுப்பு ஒருவாறு தீர்ந்தது.

முதலில் தம்பி கேட்ட கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். "அண்ணே, இத்தனை வருஷமா டிப்ரிஸியேஷன் எவ்வளவு கழிச்சிருக்கீங்க?" என்று அவன் தொலைபேசியில் கேட்டான். அவன் வசிக்கும் தேசத்தில் வாடகைக்கு விட்ட குடியிருப்புக் கட்டிடத்தின் விலையை 27½ வருஷங்களில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். வாடகை வருமானத்தின்மேல் வரி அந்த அளவுக்குக் குறையும். ஆனால் வீட்டை விற்கிற நாளில், அப்படிக் கழித்த தேய்மானத்துக்கு ஈடான லாபத்தின்மேல் 25 சதவீதம் வரைக்கும் வரி போட்டு அரசாங்கம் தான் கொடுத்த சலுகையைத் திரும்ப வசூலித்துக்கொள்ளும். நம் நாட்டில் அந்த ஏற்பாடே கிடையாது. இங்கே வாடகை வருமானத்தில், வீட்டுவரி போக மிஞ்சுவதில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்காக என்று சட்டமே தள்ளிக் கொடுத்துவிடுகிறது; நீங்கள் அந்த வருஷம் சுவருக்கு ஒரு பூச்சு சுண்ணாம்பு அடித்தீர்களா, அல்லது கூரை ஒழுகுகிறது என்று குடித்தனக்காரர் வந்து மன்றாடியும் காது கேளாதவர்போல் இருந்தீர்களா என்று யாரும் விசாரிப்பதில்லை. கழித்தது கழித்ததுதான், விற்கும்போது அதை யாரும் கிளறுவதும் இல்லை. (சொந்த வியாபாரத்துக்கு உபயோகித்து, கணக்கில் தேய்மானம் காட்டிய கட்டிடமானால் நிலைமை வேறு, அதை எத்தனை காலம் வைத்திருந்து விற்றாலும் வரும் லாபம் குறுகிய கால லாபமாகவே கருதப்படும்.) ஆகவே வாடகைக்கு விட்டதனால் மட்டும் விற்பனைக் கணக்கில் நமக்கு விசேஷமான சங்கடம் ஒன்றும் ஏற்படுவதில்லை என்று தம்பியைச் சமாதானப்படுத்தினேன்.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. 1974இல் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய வீட்டைப் பல லட்சத்துக்கு விற்கிறோமே, அந்த வித்தியாசம் முழுவதும் லாபமா? 1974இன் ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒரே பெயரைத் தாங்கியிருக்கின்றனவே அன்றி ஒரே மதிப்பு உடையன அல்ல; அக்காலத்தில் ஒரு குடும்பத்தை ஒரு மாதம் போஷித்த தொகை இன்று ஒரு வேளைச் சிற்றுண்டிக்குப் போதாது. எனவே வித்தியாசத்தில் ஒரு பகுதி உண்மையான லாபம், மற்றொரு பகுதி நாணயத்தின் க்ஷீணம் என்பது சாதாரண அறிவுக்கே எட்டுகிற விஷயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதா, சேர்த்தே வரி போடுவதா என்பதுதான் இந்த வரியின் சரித்திரம் முழுவதிலும் ஊடுருவி நிற்கும் பிரச்னை என்பது என் அபிப்பிராயம். அந்தச் சரித்திரத்தில் நம்மவர்கள் சிலரின் கைவண்ணம் இருப்பது எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது.

சுதந்திரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 1947 பிப்ரவரியில், இடைக்கால சர்க்காரின் நிதி அங்கத்தினராக இருந்த லியாகத் அலிகான் சமர்ப்பித்த பட்ஜெட்டில்தான் மூலதன ஆதாயத்தின்மேல் வரி என்பது இந்தியாவில் முதன்முதலாகப் பிரவேசித்தது. பெரும் வர்த்தகர்களின் ஆட்சேபத்துக்குக் குறைவில்லை. ஜான் மத்தாய் நிதி மந்திரியாக இருந்து சமர்ப்பித்த 1949ஆம் வருஷத்துப் பட்ஜெட்டில் அது ரத்தாயிற்று. ஆனால் போனது திரும்பி வர வெகுகாலம் ஆகவில்லை. 1956இல் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிகோலஸ் கால்டார் இந்தியாவுக்கு வந்து, நம் வரி அமைப்பைப் பரிசீலித்து ஓர் அறிக்கை எழுதினார். அவர் கூறிய யோசனைகளுள் மூலதன ஆதாய வரியும் ஒன்று. அந்த வருஷமே நிதி மந்திரிப் பொறுப்பை ஏற்றிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி அதை மறுபடியும் சட்டத்தில் ஏற்றினார். அன்று ஏறியது இன்றுவரை இறங்கவில்லை.

ஆயினும் அந்த வரி, ரூபாயின் மதிப்புக் குறைவை முறையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமலே நெடுங்காலம் நடந்துவந்தது. ஏதோ ஒரு தொகையைப் பொதுவாகத் தள்ளிக் கொடுத்ததோடு சட்டம் திருப்தியடைந்திருந்தது. 1991இல் வரிச் சீர்திருத்தத்துக்காக ராஜா செல்லையா தலைமையில் அமைக்கப்பட்ட குழு இந்த அநீதியைச் சுட்டிக்காட்டியதன் பேரில், 1992ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தில், மன்மோகன் சிங் நிதியமைச்சராக இருந்தபோது, 'இன்டெக்ஸேஷன்' என்று எல்லோரும் இன்று சொல்கிற குறியீட்டு முறை வந்தது. பிற்காலத்தில் சென்னையிலுள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நிறுவப்படுவதற்குக் காரணமாயிருந்த அதே செல்லையாதான். வாங்கிய வருஷத்துக்கு ஒரு குறியீட்டு எண், விற்கிற வருஷத்துக்கு ஓர் எண். வாங்கிய விலையை முன்னதால் வகுத்துப் பின்னதால் பெருக்கினால் கிடைப்பது இன்றைய ரூபாயில் அன்றைய விலை. அதற்குமேல் வருவதே லாபம், அதற்கு 20 சதவீதம் வரி. விலைவாசி ஏற்றத்தில் முக்கால் பங்கை மாத்திரமே அந்தக் குறியீடு கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதால் இந்த நியாயமும் முழுமையான நியாயம் அன்று. இருந்தபோதிலும் ஒரு சாமானியன் தன் ஸ்திர சொத்தை விற்கிறபோது, காலம் செய்த வேலைக்கும் அதிர்ஷ்டம் செய்த வேலைக்கும் வித்தியாசம் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

குறியீட்டின் ஆதார வருஷம் முதலில் 1981ஆக இருந்தது. 2017இல் அதை 2001க்கு மாற்றினார்கள். அதன்படி 2001–02க்கு 100 என்றால், 2005–06க்கு 117, 2013–14க்கு 220, 2025–26க்கு 376. எங்களைப்போல் 2001 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே சொத்தை உடையவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. வாங்கிய அசல் விலையைத் தூக்கி ஒருபுறம் வைத்துவிட்டு, அந்தத் தேதியில் வீடு என்ன பெறுமோ அதையே வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம். பிதுரார்ஜிதமாகவோ உயில் மூலமாகவோ வந்த சொத்தானால், நமக்கு வந்த தேதி முக்கியமில்லை. முந்தின உரிமையாளர் கொடுத்த விலையே நம் விலை, அவர் வைத்திருந்த காலமும் நம் காலத்தோடு சேரும். குறியீட்டையும் அவர் வாங்கிய காலத்திலிருந்தே எண்ணவேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் 1974இல் அப்பா எத்தனை ஆயிரம் கொடுத்தார் என்பது எங்களுக்குக் குடும்பக் கதையாக மிஞ்சியதே தவிர, வரிக் கணக்கில் அதற்கு வேலையில்லாமல் போயிற்று.

2001இன் மதிப்பை நாமே மனம்போனபடி எழுதிக்கொள்ள முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்கினோம். முன்பெல்லாம் அந்த அறிக்கையில் தாராளமாக எழுதச் சொல்வது வழக்கமாக இருந்ததாம். 2020ஆம் வருஷத்து நிதிச் சட்டம் அந்தத் தாராளத்துக்கு ஒரு வேலி போட்டுவிட்டது. பத்திரப்பதிவுக்காக அன்று நிலவிய வழிகாட்டி மதிப்பு கிடைக்குமானால், அதற்குமேல் 2001இன் மதிப்பு போகக்கூடாது. எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய வழிகாட்டி மதிப்பைக் கேட்டு வாங்குவது அவசியமான வேலையாகிவிட்டது.

வாங்கிய விலையோடு, பிற்காலத்தில் வீட்டை அபிவிருத்தி செய்த செலவும் சேரும். மாடி எடுத்தது, ஓடு மாற்றித் தளம் போட்டது, புதிதாகக் கழிவறை கட்டியது ஆகியவை சேரும்; வெள்ளையடித்தது, குழாய் மாற்றியது, கதவுக்கு வர்ணம் பூசியது சேரா. எங்கள் வீட்டில் 2008இல் மாடியில் ஒரு பகுதி கட்டினோம். மேஸ்திரிக்குக் கொடுத்த பணத்துக்கு அவர் கையெழுத்தோடு ஒரு நோட்டுப் புத்தகம், சிமெண்ட்டுக்கும் கம்பிக்கும் பில்கள், மாநகராட்சி அனுமதி, அந்த வருஷத்து வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் அக்கா ஒரு பழைய சாக்லெட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். என் நண்பர் ஒருவர் இதைவிடப் பெரிய மாடியைக் கட்டி, ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் நிற்கிறார். அவருடைய மாடி கண்ணுக்குத் தெரிகிறது, கணக்குக்குத் தெரியவில்லை. தரகு, வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கட்டணம் முதலிய விற்பனைச் செலவுகளும் கழியும். வெகுகாலமாகக் குடியிருந்தவரைக் காலி செய்விப்பதற்காக, விற்பனையின் பொருட்டே கொடுத்த தொகையையும் கழிவாக நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு. ஆனால் அதை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வாயால் சொன்னால் எடுபடாது. வங்கிக் கடன் வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை: வாடகை வருமானத்திலிருந்து கழித்துக்கொண்ட வட்டியையே விற்கும்போது வீட்டின் விலையோடும் கூட்டி இரட்டை ஆதாயம் பெற்றுவந்த சாமர்த்தியசாலிகளுக்கு, 2023ஆம் வருஷத்து நிதிச் சட்டம் அந்த வாசலை அடைத்துவிட்டது.

இனி 2024 ஜூலை 23ஆம் தேதிக்கு வருகிறேன். திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பொருளாதாரம் பயின்ற நிர்மலா சீதாராமன் அன்று சமர்ப்பித்த பட்ஜெட், இன்டெக்ஸேஷனை ஒரே வீச்சில் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வரி விகிதத்தை 20இலிருந்து 12½ சதவீதமாகக் குறைத்தது. வீட்டு விலைகள் பணவீக்கத்தைவிட வேகமாக ஏறுவதால் பெரும்பாலோருக்கு இது லாபமே என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் கூறினார்கள். சிலருக்கு அது உண்மை. மற்றவர்களுக்கு அது எப்படியிருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்: பழைய மகாபலிபுரம் சாலையில் 2013–14இல் ஒருவர் 60 லட்சத்துக்கு அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்து, 2025–26இல் 95 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீட்டின்படி அவர் போட்ட 60 லட்சம் இன்று ஒரு கோடியே இரண்டரை லட்சத்துக்குச் சமானம். அதாவது அவர் நஷ்டத்துக்கு விற்றிருக்கிறார். பட்ஜெட்டின் முதல் வடிவத்தின்படியோ அவருக்கு 35 லட்சம் லாபம், அதற்கு 4,37,500 ரூபாய் வரி! நஷ்டப்பட்டவனிடம் லாபத்துக்கு வரி கேட்கிற இந்த விந்தை எல்லோருடைய கண்ணையும் உறுத்திற்று, எதிர்ப்புக் கிளம்பியது, ஆகஸ்டு முதல் வாரத்தில் மசோதாவிலேயே ஒரு திருத்தம் வந்தது. ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலத்துக்கும் கட்டிடத்துக்கும், இந்தியாவில் வசிக்கும் தனி நபர்களும் இந்துக் கூட்டுக் குடும்பங்களும் இரண்டு விதமாகவும் கணக்கிட்டு, எதன்படி வரி குறைவோ அதைக் கட்டினால் போதும்.

நம் அடுக்ககக்காரர் இதனால் தப்பினார். குறியீட்டின்படி வந்த நஷ்டத்தை மற்ற லாபங்களோடு அவர் கழித்துக்கொள்ள முடியாது. அந்தக் கணக்கு வரித்தொகையை ஒப்பிடுவதற்கு மட்டுமே. ஆனாலும் வரி பூஜ்யம்.

இரண்டு முறைகளில் எது யாருக்கு அனுகூலம் என்று நான் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 2001 ஏப்ரலில் 6 லட்சம் பெற்ற ஒரு பூர்விக வீடு 2025–26இல் 75 லட்சத்துக்கு விலைபோகிறது என்று கொள்வோம். குறியீட்டுப்படி அதன் விலை 22.56 லட்சம், லாபம் 52.44 லட்சம், 20 சதவீத வரி ஏறக்குறைய பத்தரை லட்சம். புது முறையில் லாபம் 69 லட்சம், 12½ சதவீத வரி 8,62,500 ரூபாய். பழைய முறையின் நியாயத்தை இத்தனை புகழ்ந்த எனக்கு, புதிய முறையே சுமார் 1,86,000 ரூபாயை மிச்சப்படுத்துகிறது! இன்னும் சற்று அலசினால், 2025–26இல் விற்பவருக்கு எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்றும் தெரியும்: விற்கிற விலை, 2001இன் மதிப்பைப்போல் எட்டு மடங்கும் கொஞ்சமும் வரையில் இருந்தால் குறியீட்டு முறை நல்லது, அதைத் தாண்டிவிட்டால் புது முறை நல்லது. 2005–06இல் 20 லட்சத்துக்கு வாங்கியவருக்கு இந்த எல்லை சுமார் ஒரு கோடியே 38 லட்சத்தில் விழுகிறது. அதாவது வருஷத்துக்குப் பத்து சதவீத வாக்கில் விலை ஏறிய வீடு. நகரத்தின் முகம் திரும்பிய திசையில் மனை வாங்கியவனுக்குப் புதிய சட்டம் சலுகை தருகிறது. நகரம் முதுகைத் திருப்பிக்கொண்ட பழைய தெருவில், மந்தமாக விலை ஏறிய வீட்டை வைத்திருப்பவனுக்குப் பழைய சட்டமே துணை. 2024 ஜூலை 23க்குப் பின் வாங்குகிறவர்களுக்கோ அந்தத் துணையும் இல்லை. இன்று 60 லட்சம் போட்டு வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்கும் இளைஞர், பன்னிரண்டு வருஷம் கழித்து, ரூபாயின் மதிப்புக் குறைந்ததற்கே வரி கட்ட நேரிடலாம். எளிமை என்பதன் பெயரால் செல்லையா குழு காட்டிய நியாயத்தைக் கைவிட்டது சரியல்ல என்ற என் கருத்தை, மேலே சொன்ன 1,86,000 ரூபாய் மாற்றிவிடவில்லை.

தம்பியின் கதி தனி. வெளிநாட்டில் வசிப்பவனுக்கு இரண்டில் குறைந்ததைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைத் திருத்தம் தரவில்லை. அவன் பங்குக்குப் புது முறை ஒன்றே. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது பாதகமில்லை. பிடித்தத்தில்தான் பேதம் வந்தது. 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள சொத்தை உள்நாட்டில் வசிப்பவரிடம் வாங்குகிறவர், விலையில் 1 சதவீதத்தைப் பிடித்து சர்க்காருக்குக் கட்டவேண்டும் என்பது 2013 ஜூன் முதல் உள்ள விதி. விற்கிறவர் வெளிநாட்டுவாசியானால் 1 சதவீதம் போதாது. மூலதன ஆதாய விகிதத்திலேயே, உபரி வரிகளும் சேர்த்து, பிடிக்கவேண்டும். அதிகாரியிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே பெறாவிட்டால், லாபத்தின்மேல் மட்டும் அல்லாமல் அவன் பங்கின் முழுத் தொகையின்மேலும் பிடித்துக்கொள்வதே தனக்குப் பாதுகாப்பு என்று வாங்குபவரின் ஆடிட்டர் சொல்லிவிடுவார். எங்களுக்கு வாய்த்தவரும் அதையே சொன்னார். ஒரே வீடு, ஒரே கிரயப் பத்திரம், மூன்று உடன்பிறப்புகள். இரண்டு விதமான பிடித்தம். தம்பி அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து அது கைக்கு வருகிற வரையில் பத்திரப்பதிவைத் தள்ளிப்போட்டோம். வாங்குகிறவர் பொறுமைசாலி என்பது எங்கள் பூர்வ புண்ணியம்.

ஆரம்பத்தில் சொன்ன கைடுலைன் யோசனைக்கு இப்போது பதில் சொல்லலாம். பத்திரத்தில் எழுதிய விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவாக, அந்த வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேலும் இருந்தால், நமக்கு வந்ததாகச் சட்டம் கருதுவது வழிகாட்டி மதிப்பைத்தான். வாராத பணத்துக்கு நாம் வரி கட்டுவோம், வாங்கியவரும் அந்த வித்தியாசத்தைத் தம் வருமானமாகக் காட்டி வரி கட்டுவார். நம் மாநிலத்தில் இந்த மதிப்பு நிலையாக நின்றதும் இல்லை. 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். உடன்படிக்கை போட்ட தேதிக்கும் கிரயத் தேதிக்கும் நடுவே இப்படி ஒரு மாற்றம் வந்துவிட்டால், முன்பணத்தில் ஒரு பகுதியையாவது வங்கி மூலம் வாங்கியிருப்பவர், உடன்படிக்கைத் தேதியின் மதிப்பையே எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. ரொக்கமாக வாங்கியவருக்கு அது இல்லை என்பதோடு, சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவே அபராதம் என்று 2015 ஜூன் முதல் ஒரு விதி வேறு இருக்கிறது. 12½ சதவீதத்தைத் தப்புவிப்பதற்காக நூறு சதவீதத்தைப் பணயம் வைக்கச் சொல்லுகிற உபகாரிகளுக்கு என் நமஸ்காரம்.

வரியே கட்டாமல் சட்டப்படி இருக்க வழி இல்லையா என்றால், உண்டு; ஆனால் அதற்கு விலை உண்டு. விற்றது குடியிருப்பு வீடாக இருந்தால், அதில் நாம் குடியிருந்தோமா, வாடகைக்கு விட்டோமா என்ற பேதம் இல்லை. கிடைத்த லாபத்தைக் கொண்டு இந்தியாவில், விற்பதற்கு ஒரு வருஷம் முன்போ இரண்டு வருஷம் பின்போ வேறு வீடு வாங்கினாலும், மூன்று வருஷத்துக்குள் கட்டினாலும் அந்த அளவுக்கு வரி இல்லை. லாபம் 2 கோடிக்கு உட்பட்டதானால், ஆயுளில் ஒரு முறை மட்டும், இரண்டு வீடுகளாகவும் வாங்கலாம். 10 கோடிக்கு மேற்பட்ட முதலீட்டுக்குச் சலுகை இல்லை என்று 2023இல் ஒரு உச்சவரம்பு வந்தது; உறையூர்க்காரர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். விற்றது கடையாகவோ காலி மனையாகவோ இருந்தால் லாபத்தை மட்டும் போட்டால் போதாது. செலவு போக வந்த தொகை முழுவதையும் வீட்டில் போட்டால்தான் முழு விலக்கு, அதுவும் விற்கும் நாளில் வேறு ஒரு வீட்டுக்கு மேல் நமக்கு இல்லாதிருந்தால். கீழே கடையும் மேலே குடித்தனமுமாக உள்ள கட்டிடங்களை வைத்திருப்போர் இந்த இடத்தில் ஆடிட்டரை நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வருமானக் கணக்கு தாக்கல் செய்யும் தேதிக்குள் வீடு அமையாவிட்டால், 1988ஆம் வருஷத்துத் திட்டத்தின்படி வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு ஒன்று திறந்து பணத்தை அதில் போட்டுவைக்க வேண்டும்.

இந்தச் சலுகையை நம்பி, வேண்டாத ஊரில் வேண்டாத வீட்டை வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கசிகிறது. எழுபது வயதைக் கடந்த எங்கள் உறவினர் ஒருவர், சுமார் ஒன்பது லட்ச ரூபாய் வரிக்குப் பயந்து, லாபம் எழுபது லட்சத்தையும் சென்னைக்கு வெளியே நெடுந்தூரத்தில் ஓர் அடுக்ககத்தில் முடக்கினார். மூன்று வருஷத்துக்கு அதை விற்க முடியாது, விற்றால் சலுகை பறிபோகும், குடித்தனக்காரர் கிடைப்பதில்லை, மாதாமாதம் பராமரிப்புத் தொகை மட்டும் தவறாமல் கேட்கிறார்கள். வரி ஒரு தடவை போகிற பணம். அந்த வீடு மாதாமாதம் போகிறது.

மற்றொரு வழி, குறிப்பிட்ட சர்க்கார் நிறுவனங்களின் பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை போடுவது. ஊரக மின்மயமாக்கல் கழகம், ரயில்வே நிதிக் கழகம் முதலியவை இவற்றை வெளியிடுகின்றன. ஐந்து வருஷம் எடுக்க முடியாது. முன்பு மூன்று வருஷமாக இருந்ததை 2018இல் ஐந்தாக்கினார்கள். வட்டி சொற்பம், அந்த வட்டிக்கும் வரி உண்டு. ஆயினும் வீடு வாங்குவதைவிட இது நிர்ச்சிந்தையானது என்று நான் அக்காவிடம் வாதித்தேன். "பணத்தைப் பூட்டி வெச்சுட்டு அஞ்சு வருஷம் காத்திருக்கிற வயசாடா எனக்கு? என்ன வரியோ கட்டிடு. மிச்சத்தை நான் இருக்கும்போதே செலவு பண்ணிக்கிறேன்" என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். நான் என் பங்கைப் பத்திரங்களில் போட்டேன். தம்பி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு ஆறு மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டிடக்காரரிடம் பழைய வீட்டை ஒப்படைத்துப் பங்குக்கு அடுக்கக வீடுகள் பெறுகிற 'ஜாயிண்ட் வென்ச்சர்' விஷயம் தனியே எழுதவேண்டிய அளவுக்குச் சிக்கலானது. 2017 முதல், முறையாகப் பதிவான ஒப்பந்தமானால், கட்டிடம் முடிந்ததற்குச் சான்றிதழ் கிடைக்கிற வருஷத்தில்தான் தனி நபருக்கு வரி என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1961ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருவதால், பழகிப்போன பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. அதனால்தான் நான் எண்களையே குறிப்பிடவில்லை. வாங்கி 24 மாதங்களுக்குள் விற்றவருக்கு மேலே சொன்ன குறியீட்டு முறையோ வரி விகிதங்களோ விலக்குகளோ பொருந்தா. அவருடைய லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து சாதாரண விகிதங்களில் வரிக்கு உட்படும்.

எந்தத் தேதிக்குள் கட்டவேண்டும் என்று அக்கா கேட்டதற்குச் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். விற்ற தேதிக்குப் பின் வரும் முன்கூட்டிய வரித் தவணைகளில், அதாவது ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 ஆகியவற்றில் மிஞ்சியுள்ளவற்றில் இந்த வரியைச் சேர்த்துக் கட்டவேண்டும், தவறினால் வட்டி உண்டு. அறுபது வயது நிரம்பி, வியாபாரத்திலோ தொழிலிலோ வருமானம் இல்லாமல், இந்தியாவிலேயே வசிப்பவருக்கு அந்தத் தவணைக் கடமை கிடையாது. வருமானக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது கட்டினால் போதும். அக்கா அந்த வகையில் சேர்ந்தவள். எனக்கு அறுபது ஆக இன்னும் இரண்டு வருஷம் இருப்பதால், பத்திரங்களுக்கு அடங்காமல் மிஞ்சிய லாபத்துக்கு உரிய வரியை நான் மார்ச் தவணையில் கட்டினேன்.